பழைய கேமிங் கம்ப்யூட்டரில் கேம் திணறுகிறதா? கார்டு வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

"காக்கா, கார்டு போயிருச்சு. புதுசு போட்டாத்தான் ஆகும்."

கீழக்கரையில் எங்கள் எதிர்வீட்டுத் தம்பி பரீட்சை முடிந்த மறுநாளே வந்து நின்றான். (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்.) 2017இல் அவன் மூத்தவனுக்காக வாப்பா வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. மூத்தவன் துபாய்க்கு வேலைக்குப் போனதும் இவன் கைக்கு வந்தது. ஐ5 7400 பிராசஸர், கேமின் காட்சியை வரையும் ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். வாங்கிய நாளில் எங்கள் தெருவில் அதை மிஞ்ச வேறொன்று கிடையாது.

"எப்படித் திணறுது?" என்று கேட்டேன். "பத்து நிமிஷம் நல்லா ஓடுது. அப்புறம் படம் படமா நிக்குது" என்றான். அந்தப் பதிலிலேயே பாதி விடை இருந்தது. ஆனால் அவன் கார்டு விலை விசாரித்து முடித்திருந்தான், உம்மாவிடம் காசும் கேட்டிருந்தான். வெளிநாட்டில் ஒருவர் வெயிலில் நின்று அனுப்பும் காசு அது. எந்தப் பாகம் பிடித்து இழுக்கிறது என்று தெரியாமல் அதைச் செலவழிக்கக் கூடாது. அவனோடு உட்கார்ந்து பார்த்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டரைத் திறந்தே பார்க்காதவர்களும் செய்யலாம்.

முதலில்: நெட் லேக்கா, ஃப்ரேம் குறைவா?

நம் பிள்ளைகள் இரண்டையும் "லேக்" என்றுதான் சொல்கிறார்கள். இரண்டும் வேறு. சுட்ட பிறகு எதிரி தாமதமாக விழுகிறான், ஓடுகிறவன் திடீரென்று பத்தடி தள்ளித் தெரிகிறான், ஆனால் நீங்கள் மவுஸைத் திருப்பினால் காட்சி வழுக்கிக்கொண்டு திரும்புகிறது என்றால் அது நெட் கோளாறு. பிங், அதாவது நெட்டில் தகவல் போய்வரும் நேரம், கூடியிருக்கும். மவுஸைத் திருப்பும்போது காட்சியே வெட்டி வெட்டித் திரும்பினால்தான் ஃப்ரேம் குறைவு, அதாவது விநாடிக்கு வரும் படங்கள் குறைவு. சந்தேகம் இருந்தால் நெட்டைத் துண்டித்துவிட்டு, தனியாக ஆடும் கேம் ஒன்றை ஓடவிடுங்கள். அப்போதும் வெட்டினால் மேலே படியுங்கள்.

காசில்லாமல் சரியாகிற சில விஷயங்கள்

மானிட்டர் கேபிளைப் பாருங்கள். மதர்போர்டில் செருகாமல், கீழே தனியாக இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் துளையில் செருகியிருக்க வேண்டும். வீடு கழுவிவிட்டு மாற்றிச் செருகி, மாதக்கணக்கில் கார்டு சும்மா கிடந்ததை நான் இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். அப்புறம் விண்டோஸ் பவர் பிளான் "பவர் சேவர்" என்று இருந்தால் மாற்றுங்கள். பின்னால் பிரவுசரில் முப்பது டேப் திறந்திருந்தால் மூடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகித்தான் ஆட வேண்டும், பேட்டரியில் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

திரையில் எண்களை வரவையுங்கள்

இதுதான் முக்கியமான படி. "எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்" என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள். கார்டு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வேலை செய்யும். எம்எஸ்ஐயின் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். அதே பெயரில் வைரஸ் வைத்த போலித் தளங்கள் உண்டு. கூடவே "ரிவாட்யூனர்" என்று ஒன்று வரும், அதையும் நிறுவுங்கள். கேமின் மேல் எண்களை எழுதிக் காட்டுவது அதுதான்.

செட்டிங்ஸில் மானிட்டரிங் பக்கம் போய், ஃப்ரேம்ரேட், ஃப்ரேம்டைம், ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) யூசேஜ், ஜிபியு வெப்பம், ஜிபியு மெமரி, சிபியுவின் (பிராசஸர்) ஒவ்வொரு கோரின் (அதன் உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) யூசேஜ், சிபியு வெப்பம், சிபியு கிளாக் (அது ஓடும் வேகம்), ராம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் "ஷோ இன் ஆன்-ஸ்க்ரீன் டிஸ்ப்ளே" என்பதையும் டிக் செய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள்.

ஃப்ரேம்டைம் என்பது ஒரு படம் வரைய ஆகும் நேரம். விநாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமானால் ஒவ்வொன்றும் 16.7 மில்லி விநாடிக்குள் முடிய வேண்டும். 30 போதுமென்றால் 33.3. சராசரி 60 காட்டியும் கேம் கண்ணை உறுத்துகிறதா? இந்த எண் அவ்வப்போது 80, 100 என்று குதிக்கிறதா பாருங்கள்.

இனி ஒரு கேமில் ஒரே இடத்தில், ஒரே வழியில் இருபது நிமிடம் ஆடுங்கள். இரண்டாவது நிமிடத்திலும் இருபதாவது நிமிடத்திலும் எண்களை ஒரு தாளில் எழுதுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். வெறும் இரண்டு நிமிடம் பார்த்து முடிவுசெய்தால் ஏமாந்துபோவீர்கள். நம் ஊர்க் கோளாறு சூடேறிய பிறகுதான் முகம் காட்டும்.

எண்கள் சொல்வது என்ன?

ஜிபியு யூசேஜ் 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டு முழு மூச்சில் உழைக்கிறது. அதற்கு மேல் அதனால் முடியவில்லை, அவ்வளவுதான். ஜிபியு 50, 60இல் நிற்க, சிபியுவின் ஏதோ ஒரு கோர் 100ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் பிராசஸர்தான் பிடித்து இழுக்கிறது. மொத்த சிபியு யூசேஜை மட்டும் பார்க்காதீர்கள். நான்கு கோரில் ஒன்று மட்டும் திணறினால் மொத்தக் கணக்கு 40, 50 என்றுதான் காட்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. விசின்க் (மானிட்டரின் வேகத்துக்கு ஃப்ரேமைக் கட்டிப்போடும் வசதி) போட்டிருந்தாலோ, கேமிலேயே 60 என்று வரம்பு வைத்திருந்தாலோ ஜிபியு யூசேஜ் குறைவாக இருப்பது இயல்பு. சோதிக்கும்போது இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

இன்னும் உறுதி வேண்டுமா? ரெசல்யூஷனை 1920×1080இலிருந்து 1280×720க்கு இறக்குங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் ஏறக்குறைய 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறையும். கார்டின் சுமை பாதிக்கும் கீழே போகிறது, பிராசஸரின் சுமை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஃப்ரேம் எகிறினால் குறை கார்டில். அசையாமல் அதே இடத்தில் நின்றால் குறை வேறெங்கோ.

தம்பியின் தாளில் இருந்தது இது. இரண்டாவது நிமிடம்: 58 ஃப்ரேம், ஜிபியு 96, சிபியு 3.3 கிகாஹெர்ட்ஸ், வெப்பம் 88. இருபதாவது நிமிடம்: 22 ஃப்ரேம், ஜிபியு 45, சிபியு 2 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே, வெப்பம் 100. ரெசல்யூஷனைக் குறைத்தும் 22 நகரவில்லை. கார்டு பாதி நேரம் கைகட்டி நின்று பிராசஸருக்காகக் காத்திருக்கிறது. புதுக் கார்டு போட்டிருந்தால் அதுவும் பக்கத்தில் நின்று காத்திருக்கும். தாளை அவனிடமே கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப கார்டு நல்லாத்தான் இருக்கா காக்கா?" என்றான்.

சூடு, உப்பு, தூசி

அந்தப் பிராசஸரின் எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் கருகிப்போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 1060 போன்ற கார்டுகள் 83 டிகிரியை நெருங்கும்போதே அந்த வேலையைத் தொடங்கிவிடும். முதலில் நன்றாக ஓடி, பிறகு வேகமும் ஃப்ரேமும் சேர்ந்து விழுந்து, வெப்பம் மட்டும் உச்சியில் நின்றால் வேறு எதையும் தேட வேண்டாம்.

மதுரையில் இருப்பவர் கம்ப்யூட்டரைத் திறந்தால் தூசி பறக்கும். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ஏர்வாடி வரை நம் கரையில் அது பறக்காது, ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றில் வருகிற உப்பு தூசியோடு கலந்து படிகிறது. ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுக்கும். அடுப்படி உப்பு ஜாடி கசிவது போலத்தான். ஈரத்தூசி, மேலே இன்னும் தூசி, மறுபடி ஈரம். இந்த உப்புக்காற்றைத் தாங்க வேண்டும் என்றுதான் 2025இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் போட்டார்கள். தம்பியின் கம்ப்யூட்டரோ எட்டு வருஷமாகத் தெற்கே கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, முழுக்க அதன் முகத்தில்தான்.

மூடியைத் திறந்தோம். பின்பக்கத் திருகுகளின் தலை பழுப்பேறியிருந்தது. பிராசஸர் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஃபேனைக் கழற்றியதும், அதற்கும் கீழே இருந்த அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு போலக் கிடந்தது. விரல் வைத்தால் சில்லென்று ஈரம். நகத்தால் நெம்பியதும் தோசை போல ஒரே வட்டமாகக் கையோடு வந்தது. அதன் வழியாக ஒரு மூச்சுக் காற்றுகூடப் போயிருக்காது.

சுத்தம் செய்யும் முறை இதுதான். கம்ப்யூட்டரை அணைத்து, ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் வெறும் இரும்பைத் தொடுங்கள். காய்ந்த, மென்மையான பெயின்ட் பிரஷால் தேய்த்துத் தளர்த்திவிட்டு, ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். பவர் சப்ளையை வெளியிலிருந்து ஊதினால் போதும், அதை ஒருபோதும் திறக்காதீர்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கும் மின்சாரம் இருக்கும்.

ஈரத்துணி கூடவே கூடாது. ஒட்டிய பிசுக்குக்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். பிராசஸர் மேலிருக்கும், சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் சுண்ணாம்பு போலக் காய்ந்திருந்தால் அதே ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுத் தெர்மல் பேஸ்ட் வையுங்கள். தடவ வேண்டாம், ஹீட் சிங்க்கை (அந்த அலுமினியத் தகடுகள்) அழுத்தும்போது அதுவே பரவிக்கொள்ளும். இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் உண்டு. நான்கும் "டக்"கென்று உட்கார்ந்தனவா என்று போர்டின் பின்பக்கமும் பாருங்கள். ஒன்று தூக்கிக்கொண்டு நின்றாலும் சூடு குறையாது.

தம்பி வீட்டில் இவ்வளவுக்கும் ஒரு மாலைப்பொழுது ஆனது. இருபதாவது நிமிடத்தில் வெப்பம் 71, வேகம் 3.3லேயே நின்றது.

ராம் பாதிதான் தெரிகிறதா?

சூடு தீர்ந்தும் அவ்வப்போது ஒரு குலுக்கல் இருந்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் பார்த்தோம். 16 இருக்க வேண்டிய இடத்தில் 8. இரண்டு குச்சிகளில் ஒன்று செத்தது போலக் கிடக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. கழற்றிப் பார்த்தால், தங்க நிறப் பற்களில் சிலவற்றின் மேல் பழுப்புப் புள்ளிகள்.

பள்ளிக்கூடப் பென்சில் ரப்பர், வெள்ளை நிறத்தது, போதும். பற்களின் மேல் மெதுவாக ஒரே திசையில் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ஸ்லாட்டையும் ஊதுங்கள். பிறகு இரண்டு பக்கக் கொக்கியும் மூடும்வரை அழுத்திச் செருகுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு குச்சி மட்டும் என்றால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுவதுதான் பெரும்பாலும் சரி. அப்போதுதான் இரண்டும் ஜோடியாக வேலை செய்யும். ஒற்றைக் குச்சியில் பிராசஸருக்குத் தரவு போகும் பாதை பாதியாகிவிடும், பல கேம்களில் அது கண்ணுக்கே தெரியும். எங்களுக்கு இரண்டாவது முறை செருகியதும் 16 வந்துவிட்டது.

ஹார்ட் டிஸ்க்கும் கரண்டும்

புது இடத்துக்குள் நுழையும்போது மட்டும் கேம் ஒரு நொடி உறைந்தால், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100இல் நிற்கிறதா பாருங்கள். "கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ" என்ற இலவச மென்பொருள் "காஷன்" என்று மஞ்சளாகக் காட்டினால் அன்றைக்கே படங்களையும் முக்கியமானவற்றையும் வேறு இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டால் இந்த உறைதல் குறையும். சராசரி ஃப்ரேம் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

"சாயங்காலம் வோல்டேஜ் குறையுது, அதான் கேம் மெதுவாகுது" என்று நம் பக்கம் சொல்வதுண்டு. டெஸ்க்டாப்பில் அப்படி ஆகாது. மின்சாரம் போதாவிட்டால் அது அணைந்துபோகும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும், மெதுவாக ஓடாது. ஆனால் வோல்டேஜ் குறையும்போது சீலிங் ஃபேன் மெதுவாகி, அறை வெந்து, அந்தச் சூடு கம்ப்யூட்டருக்குள் போகும். மறுபடி அதே சூட்டுக் கதைதான்.

எல்லாம் சரி, கார்டுதான் மூச்சு வாங்குகிறது என்றால்

அப்போது முதலில் செட்டிங்ஸைக் குறையுங்கள். நிழலும் பிரதிபலிப்பும்தான் அதிகம் தின்பவை, அவற்றில் தொடங்குங்கள். ஜிபியு மெமரி நிரம்பி வழிந்தால் டெக்ஸ்சரை (பொருள்களின் மேல்பரப்புப் படம்) ஒரு படி இறக்குங்கள். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்த முதல் நாள் சில கேம்கள் குலுங்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் முதலில் எஸ்எஸ்டி, பிறகு ராம், கடைசியில்தான் கார்டு. இந்த வயதுள்ள கம்ப்யூட்டரில் விலையுயர்ந்த கார்டைச் செருகுவது எனக்குச் சம்மதம் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, ஐ5 7400ஐ விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. கொஞ்சம் சேர்த்து வைத்து மொத்தமாக மாற்றுவதே நல்லது.

தம்பிக்கு அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. கம்ப்யூட்டரை ஜன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு மாற்றினோம், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பலகை போட்டு, பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு. பேஸ்ட் ட்யூபும் பிரஷும் அவனிடமே இருக்கின்றன. கச்சான் ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மழை மாதங்களில் கேம் ஆடாவிட்டாலும் தினம் அரை மணி நேரம் ஓடவிட வேண்டும், அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது.