சேனலைத் தூக்கிவிட்டார்களா? பழைய டிஷ்ஷில் மேட்ச் பிடித்த விதம், படிப்படியாக

ஆட்டம் தொடங்க 20 நிமிடம் இருந்தது. ரிமோட்டில் எண்ணை அழுத்தினேன். மைதானம் வர வேண்டிய இடத்தில் நீலத் திரை, நடுவில் "இந்தச் சேனல் தற்போது கிடைக்காது" என்று ஒரு வரி. பாக்ஸை அணைத்துப் போட்டேன். கார்டை உருவித் துடைத்துச் செருகினேன். கேபிளைத் திருகிப் பார்த்தேன். ரீஸ்கேன் போட்டேன். கஸ்டமர் கேரில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரே கூச்சல். முதல் கோல் விழுந்திருந்தது.

என் பாக்ஸில் கோளாறே இல்லை, நிறுவனமே அந்தச் சேனலைத் தூக்கிவிட்டது என்பது மறுநாள்தான் தெரிந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள், சும்மா கிடந்த ஒரு பழைய டிஷ்ஷை வைத்து அதே தொடரின் மிச்ச ஆட்டங்களைக் கட்டணமில்லாச் சேனலில் பார்த்துவிட்டேன். கீழே இருப்பது நான் செய்த வரிசை இல்லை, செய்திருக்க வேண்டிய வரிசை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கார்டு ஷேரிங் (ஒருவரின் சந்தாக் கார்டை இணையம் வழியே பலர் பகிர்வது), சாவி எண் போட்டுச் சேனலின் பூட்டைத் திறப்பது, திருட்டு ஐபிடிவி (அனுமதியில்லாமல் இணையத்தில் விடும் சேனல்கள்) இவை எதுவும் இங்கே கிடையாது. கேட்டு எழுதினாலும் பதில் வராது.

படி 1: போனது சேனலா, சிக்னலா?

காணாமல் போன சேனல்களை ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாம் ஒரே முதலாளியின் சேனல்கள் என்றால் அது ஒப்பந்தச் சண்டை. டிஷ்ஷைத் தொடாதீர்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சேனல்கள் கொத்தாகப் போயிருந்தால் அவை ஒரே டிரான்ஸ்பாண்டரில் (செயற்கைக்கோளில் பல சேனல்களைச் சேர்த்து அனுப்பும் கருவி) வருபவையாக இருக்கும். அப்போது கேபிள், எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நீட்டி நிற்கும், சிக்னலை வாங்கும் கருவி), டிஷ் கோணம் ஆகியவற்றைச் சந்தேகப்படலாம்.

மார்ச் வாக்கிலும் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும் பகல் வேளையில் சில நிமிடம் மட்டும் படம் போய்த் திரும்பி வந்தால் பயப்பட வேண்டாம். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது, அதன் இரைச்சலில் சிக்னல் மூழ்குகிறது. சில நாள் இப்படி இருக்கும், தானாகச் சரியாகிவிடும். அந்த நேரத்தில் ஏணி போட்டு ஏறி டிஷ்ஷைத் திருப்பியவர்களை எனக்குத் தெரியும்.

சேனல் வேறு எண்ணுக்கோ வேறு பேக்கேஜுக்கோ மாறியிருக்கலாம். தேடல் வசதியில் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

படி 2: இந்தச் சண்டை எவ்வளவு நாள் ஓடும்?

சேனல் நிறுவனம் சந்தாதாரர் ஒருவருக்கு இவ்வளவு என்று டிஷ் நிறுவனத்திடம் மாதக் கட்டணம் வாங்குகிறது. ஒப்பந்தம் முடியும்போது அது கூடுதலாகக் கேட்கும், இவர்கள் மறுப்பார்கள். நள்ளிரவில் சேனல் இருண்டுவிடும். பிறகு இரண்டு பக்கமும் "எங்கள் மேல் தப்பில்லை" என்று நமக்கே விளம்பரம் ஓட்டுவார்கள்.

அமெரிக்காவில் 2024 செப்டம்பர் 1 அன்று டைரக்டிவி என்ற டிஷ் நிறுவனத்தில் டிஸ்னியின் சேனல்கள் போயின. இஎஸ்பிஎன் என்ற விளையாட்டுச் சேனலும் அதில் அடக்கம். யுஎஸ் ஓபன் டென்னிஸ் நடந்துகொண்டிருந்தது, கல்லூரி அமெரிக்கக் கால்பந்து சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது. இரண்டு வாரத்தில் சமாதானம் ஆகிவிட்டது. அதே டைரக்டிவியில் 2009 செப்டம்பரில் வெர்சஸ் என்ற சேனல் போனபோது திரும்பிவர 2010 மார்ச் ஆயிற்று. அந்தச் சேனலை நம்பியிருந்த ஐஸ் ஹாக்கி ரசிகர்களுக்கு ஒரு சீசனில் பெரும்பகுதி போயே போயிற்று.

என் கணிப்பு இதுதான். பெரிய கூட்டம் பார்க்கும் விளையாட்டு, அதுவும் சீசன் நடுவில் என்றால் சீக்கிரம் முடியும். சின்னக் கூட்டத்தின் விளையாட்டு என்றால் இழுக்கும். முதல் வகையாக இருந்தால் ஒரு வாரம் பொறுங்கள். இரண்டாம் வகை என்றால் படி 4-க்குப் போங்கள்.

படி 3: ஒரே ஒரு போன்

கோபத்தைக் கொட்ட அல்ல. இரண்டு கேள்விகள் மட்டும்: இந்தச் சேனலுக்காக நான் கட்டிய பணத்தில் கழிவு உண்டா? இப்போது இணைப்பைத் துண்டித்தால் அபராதம் உண்டா? பதிலை மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் சொன்னது அடுத்த பில்லில் வராது.

படி 4: மேட்ச் வேறு எங்கே ஓடுகிறது?

சேனல் போனாலும் ஆட்டம் எங்கும் போய்விடவில்லை. ஒளிபரப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்று போட்டி நடத்தும் அமைப்பின் தளத்திலேயே பெரும்பாலும் நாடுவாரியாகப் பட்டியல் இருக்கும். உரிமை வைத்திருப்பவரின் ஆப்பில் நேரடியாகக் கட்டிப் பார்ப்பது சுலபமான வழி. எனக்கு அது ஒத்துவரவில்லை. இணையத்தில் வரும் படம் டிஷ் படத்தைவிடப் பல வினாடி பின்தங்கும். விக்கெட் விழுந்ததைப் பக்கத்து வீட்டுக் கைதட்டலில் தெரிந்துகொண்டு, பிறகு திரையில் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

பலரும் மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. சில நாடுகளில் முக்கியமான ஆட்டங்களை மக்கள் இலவசமாகப் பார்க்கச் சட்டமே வழி செய்கிறது. பிரிட்டனில் 1996 ஒளிபரப்புச் சட்டத்தின் கீழ் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒலிம்பிக், உலகக் கோப்பைக் கால்பந்து, விம்பிள்டன் இறுதிப் போட்டிகள் எல்லாம் அதில் உண்டு. இந்தியாவில் 2007-இல் வந்த சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் சிக்னலைத் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். ஆனால் அந்தச் சிக்னல் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் அதன் சொந்த டிடிஎச்சான ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. அதனால்தான் ஒரே தூர்தர்ஷன் சேனல் ஃப்ரீ டிஷ்ஷில் மேட்ச்சும், தனியார் இணைப்பில் வேறு ஏதோ நிகழ்ச்சியும் காட்டுகிறது. ஆக, எந்தச் சேனல் என்பதோடு எந்த வழியாக வருகிறது என்பதையும் பாருங்கள்.

(இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் பப் நடத்திய கேரன் மர்பி, பிரிமியர் லீக் ஆட்டங்களைக் கிரேக்க நிறுவனத்தின் கார்டு வாங்கிக் காட்டினார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2011 அக்டோபரில் வெளிநாட்டுக் கார்டுக்குத் தடை போட முடியாது என்று தீர்ப்பு வந்தது. பணம் கட்டி வாங்கிய கார்டு அது, அதுவும் பிரிட்டன் அப்போது இருந்த ஐரோப்பிய ஒன்றியத்துக்குள். உங்கள் ஊரில் செல்லுமா என்று பார்க்காமல் கிளம்பாதீர்கள்.)

படி 5: டிஷ்ஷைத் திருப்புதல்

மேட்ச் காட்டும் கட்டணமில்லாச் சேனல் வேறு செயற்கைக்கோளில் இருந்தால், ஒரு டிஷ்ஷை அதன் பக்கம் திருப்ப வேண்டும். என் நான்கு மாலைகளைத் தின்ற படி இது.

சந்தாவில் இருக்கும் டிஷ்ஷைத் திருப்பாதீர்கள். மிச்சச் சேனல்களும் போய்விடும், பல இடங்களில் அந்த டிஷ் நிறுவனத்துக்குச் சொந்தமாகவும் இருக்கும். தனியாக ஒரு டிஷ், சந்தா இல்லாமல் கட்டணமில்லாச் சேனல்களைக் காட்டும் ஒரு ஃப்ரீ டு ஏர் பாக்ஸ் வேண்டும். பாக்ஸ் வாங்கும்போது டிவிபி எஸ்2-வும் (செயற்கைக்கோள் சிக்னலின் முறை) எச்.265-உம் (படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எச்.265 இல்லாத பாக்ஸில் அந்த வகைச் சேனல் வந்தால் சத்தம் கேட்கும், படம் வராது. அரை நாள் டிஷ்ஷைத் திட்டிவிட்டுத்தான் இது எனக்குப் புரிந்தது.

லிங்சாட் தளத்தில் சேனல் பெயரைத் தேடினால் செயற்கைக்கோள், அலைவரிசை, போலரைசேஷன் (அலை அதிரும் திசை: கிடைமட்டமா, செங்குத்தா), சிம்பல் ரேட் (சிக்னலின் வேகம்) கிடைக்கும். இவற்றைப் பாக்ஸ் மெனுவில் போட வேண்டும். கட்டணமில்லாதது என்று அதில் குறித்திருக்கிறதா எனப் பாருங்கள். டிஷ்பாயின்டர் தளத்தில் உங்கள் இடத்தைக் காட்டினால் திசை, ஏற்றக் கோணம், எல்என்பி-யைத் திருக வேண்டிய கோணம் மூன்றும் வந்துவிடும். கைபேசி ஆப்களை விட எனக்கு இந்தத் தளம்தான் பிடிக்கும். வரைபடத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டும், எதிரே தெரியும் மரத்தையோ கோபுரத்தையோ குறி வைத்துக்கொள்ளலாம். காந்த திசைகாட்டி காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல. இடத்துக்கு இடம் பல டிகிரி மாறும். போதாததற்குக் கையில் இருக்கும் இரும்பு ஸ்பேனரும் முள்ளை இழுக்கும்.

கம்பத்தை ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். இதை நான் "பார்த்தாலே நேராகத்தானே இருக்கிறது" என்று விட்டேன். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷைப் பக்கவாட்டில் திருப்பும்போது ஏற்றக் கோணமும் கூடவே மாறும், எதுவும் பிடிபடாது.

வீட்டு டிஷ்கள் பெரும்பாலும் ஆஃப்செட் வகை. முகம் பார்க்கும் திசையை விட சுமார் 20 முதல் 25 டிகிரி உயரத்தில்தான் உண்மையில் பார்க்கின்றன. எனவே முகத்தில் கோணமானி வைத்து அளக்காமல், பின்பக்க பிராக்கெட்டில் அச்சிட்ட எண்ணை நம்புங்கள்.

அடுத்து எல்என்பி. அதன் மேல் ஒட்டிய தாளைப் படியுங்கள். 9.75 / 10.6 (கிகாஹெர்ட்ஸ்) என்றிருந்தால் அது யுனிவர்சல் எனும் பொது வகை, பாக்ஸ் மெனுவிலும் அதையே தேர்ந்தெடுங்கள். வேறு எண் இருந்தால் அந்த எண்ணையே போட வேண்டும். எண் தவறினால் டிஷ் மிகச் சரியாக நின்றாலும் எதுவும் வராது. சில நிறுவனங்களின் எல்என்பி அவர்கள் பாக்ஸோடு மட்டுமே பேசும். சந்தேகம் என்றால் புது யுனிவர்சல் ஒன்று வாங்கிவிடுங்கள், மலிவுதான்.

கனெக்டர் மாட்டும்போது பாக்ஸின் மின்சாரத்தை அணைத்திருங்கள். கேபிளின் வலைக்கம்பியில் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகும்.

இனி நான் வழுக்கி விழுந்த இடம். பாக்ஸின் சிக்னல் பக்கத்தில் இரண்டு பட்டைகள் இருக்கும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. முதல் நாள் ஸ்ட்ரெங்த் 90 சதவீதம் காட்டியது. "பிடித்துவிட்டோம்" என்று ஸ்கேன் போட்டேன், ஒரு சேனலும் வரவில்லை. இரண்டு மாலை அந்த 90-ஐ 95 ஆக்கப் பாடுபட்டேன். பிறகு ஒரு சந்தேகத்தில் டிஷ்ஷைச் சுவர் பக்கம் திருப்பினேன். அப்போதும் கிட்டத்தட்ட அதே எண்! எல்என்பி-க்கு மின்சாரம் போய் அது தன் இரைச்சலை அனுப்பினாலே ஸ்ட்ரெங்த் ஏறிவிடும். கேபிள் சரியாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை. குவாலிட்டி மட்டும்தான் கணக்கு.

குவாலிட்டிக்கு இன்னொரு குணம் உண்டு: உடனே வராது. பாக்ஸ் சிக்னலைப் பூட்டிக்கொள்ள ஓரிரு வினாடி எடுக்கும். நான் டிஷ்ஷை மளமளவென்று சுழற்றினேன், செயற்கைக்கோளைப் பலமுறை தாண்டிப் போயிருப்பேன். 5 செ.மீ. விட்டமுள்ள கம்பத்தில் 1 டிகிரி என்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பக்கத்துச் செயற்கைக்கோளோ பல இடங்களில் 2 அல்லது 3 டிகிரி தள்ளித்தான் நிற்கிறது. கம்பத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மயிரிழை அளவு நகர்த்துங்கள், மூன்று எண்ணுங்கள், பட்டையைப் பாருங்கள். மீண்டும் நகர்த்துங்கள். ஒரு முழு வீச்சு முடிந்தும் வரவில்லை என்றால் ஏற்றத்தை 1 டிகிரி மாற்றி மறுபடி. கீழே டிவி முன்னால் ஒருவரை உட்கார வைத்துக் கத்தச் சொல்வதை விட, கைபேசியில் வீடியோ கால் போட்டுப் பட்டையைப் பார்ப்பது நல்லது. வீட்டில் சண்டை வராது.

மூன்றாம் நாள் குவாலிட்டி 60-ஐத் தொட்டது. ஸ்கேன் போட்டேன், 40 சேனல் வந்தன. எல்லாம் எனக்குத் தெரியாத மொழியில்! பக்கத்துச் செயற்கைக்கோள். அதே அலைவரிசையும் அதே சிம்பல் ரேட்டும் அதிலும் இருந்திருக்கிறது. வந்த சேனல்களில் இரண்டின் பெயரை லிங்சாட்டில் தேடினேன், எந்தச் செயற்கைக்கோளில் நிற்கிறேன் என்று தெரிந்தது. அங்கிருந்து வேண்டியதற்கு எத்தனை டிகிரி, எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டு நகர்த்தினேன். தவறான செயற்கைக்கோள் கிடைத்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். வானத்தில் உங்கள் விலாசம் தெரிந்துவிட்டது.

கிடைத்ததும் நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் இழுபடும். கடைசியாக எல்என்பி-யைத் திருகிக் குவாலிட்டியை உச்சத்துக்குக் கொண்டு வாருங்கள்.

சேர்த்தது: செங்குத்துச் சேனல்கள் வருகின்றன, கிடைமட்டச் சேனல்கள் வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்என்பி கோணத்தை முதலில் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் மின்னழுத்தம். பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து, 18 அனுப்பினால் கிடைமட்டம். துருப்பிடித்த கனெக்டரிலும் மிக நீண்ட கேபிளிலும் இது குழம்பும். அவருக்குக் கனெக்டர்தான் காரணம்.

மீண்டும் சேர்த்தது: நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் ஒரு வாசகரின் டிஷ் கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்துக் கிடக்கிறதாம், மழைநீர் தேங்குகிறதாம். தேங்கிய நீர் சிக்னலைக் குலைக்கும். டிஷ்ஷின் மிகத் தாழ்ந்த இடத்தில் சிறு துளை ஒன்று போட்டால் போதும், சிக்னலுக்குக் கேடு வராது.

கடைசியாகச் சேர்த்தது: என் பழைய சேனல் திரும்பி வந்துவிட்டது. எந்த அறிவிப்பும் இல்லை, ஒரு காலையில் பார்த்தால் அதே எண்ணில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது டிஷ்ஷைக் கழற்றவில்லை. இன்னொரு எல்என்பி சேர்த்து ஃப்ரீ டு ஏர் பாக்ஸில் இரண்டு செயற்கைக்கோள் பார்க்க நினைப்பவர்கள் டைசெக் சுவிட்ச் (பல எல்என்பி-க்களை ஒரே பாக்ஸோடு மாற்றி மாற்றி இணைப்பது) வாங்கினால் போதும். ஒன்று மட்டும்: சுவிட்சில் எந்த எல்என்பி எந்தத் துளையில் இருக்கிறதோ, மெனுவிலும் அதே எண்ணைப் போடுங்கள். நான் மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி ஸ்பேனரோடு மேலே போனேன்.