கேபின் க்ரூ வேலையில் விற்பனை டார்கெட்: எப்படிச் சமாளிப்பது?

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துப் பிள்ளைகள் பலர் பெங்களூரு போய் கேபின் க்ரூ, அதாவது விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கிற வேலைக்கான பயிற்சியில் சேருகிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் குறைந்த கட்டண விமானங்களில் ட்ராலி தள்ளிச் சாப்பாடு விற்பதும் அந்த வேலையில் சேர்த்தி, அதற்கு டார்கெட்டும் வைக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இன்டர்வியூவிலேயே கேளுங்கள். டார்கெட் தனி ஆளுக்கா, டீமுக்கா? கமிஷன் கணக்கு எப்படி? சரக்கு குறைந்தால் யார் தலையில் விழும்? வாய்வார்த்தை போதாது, ஆஃபர் லெட்டரில் இருக்கிறதா பாருங்கள்.

வேலைக்குப் போனதும் சரக்கைச் சீல் பிரித்து எண்ணாமல் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். சீனியர் அவசரப்படுத்துவார், பயணிகள் ஏறத் தொடங்கியிருப்பார்கள், இருந்தாலும் சாண்ட்விச், நூடுல்ஸ் கப், ஜூஸ் என்று ஒவ்வொன்றையும் தாளில் உள்ளதோடு சரிபார்த்து, குறைந்தால் அங்கேயே எழுதி இன்சார்ஜிடம் கையெழுத்து வாங்குங்கள். நடுவில் க்ரூ மாறினால் மறுபடி எண்ண வேண்டும். கார்டு மெஷின் வானத்தில் நெட் இல்லாமல் ஓடினால் பணம் விமானம் இறங்கிய பிறகுதான் போகும், சில சமயம் போகாமலும் நிற்கும், அதனால் பில் நகலைப் பத்திரமாக வையுங்கள்.

விற்கும்போது விலையை முதலில் சொல்லிவிடுங்கள். முதல்முறை பறக்கிற நம்ம ஊர்ப் பெரியவர்கள் டிக்கெட்டோடு சேர்ந்ததென்று நினைத்து வாங்கிக்கொள்வார்கள், பிறகு காசு கேட்டால் கூசிப்போவார்கள். "அம்மா, இது காசுக்குத்தான்" என்று தமிழிலேயே சொல்லுங்கள். டார்கெட்டுக்காக அவர்களிடம் திணிப்பது தப்பு.

நம் நாட்டு விதிப்படி 50 சீட்டுக்கு ஒரு க்ரூ. 180 சீட் ஏ320 விமானத்தில் குறைந்தது 4 பேர். ஆபத்தில் ஆட்களை வெளியேற்றத்தான் அந்தக் கணக்கு. விமானம் குலுங்கி, கேப்டன் உட்காரச் சொன்னால் விற்பனையைப் பாதியில் விட்டு ட்ராலியை உள்ளே பூட்டுங்கள், யார் என்ன சொன்னாலும் சரி. பெங்களூரு–சென்னை மாதிரி ரூட்டில் ஏறி இறங்கும் நேரம் போனால் விற்கக் கிடைப்பதே கொஞ்ச நேரம். அன்று விற்பனை குறைந்தால் காரணத்தை ரிப்போர்ட்டில் எழுதிவிடுங்கள்.

விற்பனை குறைந்ததென்று வேலை வாட்ஸப் குரூப்பில் உங்கள் பெயர் போட்டு மட்டம் தட்டினால் அங்கே சண்டை வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரூட், தேதியோடு மேனேஜருக்கு மெயில் போடுங்கள். அப்புறம், சரக்கு குறைந்ததென்று உங்களை விளக்கம் கேட்காமலே சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் தராது, அந்த மாத பே ஸ்லிப்பை வைத்து எழுத்தில் கேளுங்கள்.