நெஞ்சு வலியும் 120 நிமிடமும்: சிறு மருத்துவமனையின் இரவுப் பணியில் மாரடைப்பைக் கையாளும் முறை

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பொள்ளாச்சியைத் தொட்ட பிறகும் கோயம்புத்தூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போக வேண்டும். இதயத் தமனி முழுவதுமாக அடைபட்ட ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு எந்தச் சிகிச்சையை எங்கே தொடங்குவது என்பதை அந்தச் சாலைதான் முடிவு செய்கிறது. தாளவாடியிலிருந்து திம்பம் மலைப்பாதை வழியாகச் சத்தியமங்கலத்துக்கு இறங்குபவருக்கும் இதே நிலைதான். கேத் லேப் (இதயத் தமனி அடைப்பைக் குழாய் செலுத்திக் கண்டறிந்து திறக்கும் கூடம்) இல்லாத வட்டார மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கும் இளம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

கொங்கு வட்டாரத்தில் மாரடைப்பு பெரும்பாலும் வேறு பெயரில்தான் வாசலுக்கு வருகிறது. "வாயுப் பிடிப்புங்க, ஒரு ஊசி போட்டு உட்டீங்கன்னா போயிருவனுங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்து வருவார்கள். வீட்டில் ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்துப் பார்த்திருப்பார்கள். அவற்றால் வலி சற்றுக் குறைந்தது என்பதை வைத்து மாரடைப்பு இல்லை என்று ஒதுக்க முடியாது. சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்கள் ஆகியோரிடம் வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத் திணறல், தாடை வலி, வாந்தி, காரணமில்லாத தளர்ச்சி ஆகியவை மட்டும் இருக்கலாம். ஆகவே இத்தகைய தொல்லையுடன் வரும், 30 வயதைக் கடந்த எவருக்கும், ஓ.பி. சீட்டுப் போடும் வரை காத்திராமல், உள்ளே வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்து மருத்துவர் பார்த்துவிட வேண்டும்.

அவர் கேட்கும் அந்த ஊசியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். டைக்ளோஃபினாக் போன்ற வலி நிவாரணிகள் மாரடைப்பில் தீங்கு செய்பவை. தசையில் போடும் எந்த ஊசியும், பின்னர் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க நேர்ந்தால், போட்ட இடத்தில் பெரிய ரத்தக்கட்டை உண்டாக்கும். இ.சி.ஜி. பார்க்கும் முன் இடுப்பில் ஊசி போடும் பழக்கத்தை நாம் முழுவதுமாகக் கைவிட வேண்டும்.

வியர்த்துக் கொட்டும் மார்பில் மின்முனைகள் வழுக்கும், கோடு அலைபாயும். ஈரத்தை உலர்ந்த துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு, விலா எலும்புகளை விரலால் எண்ணி, வி1, வி2 ஆகியவற்றை நான்காம் விலா இடைவெளியில் வையுங்கள். அவசரத்தில் கை ஒரு விலா மேலே போய்விடுவது வழக்கம். அதனால் படம் தவறாகத் தெரியும். அடுத்தடுத்த இரு லீடுகளில் (இதயத்தை ஒவ்வொரு கோணத்தில் காட்டும் பதிவுகளில்) எஸ்.டி. பகுதி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் கூர்முனைக்கு அடுத்து வரும் கோட்டுப் பகுதி, 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் உயர்ந்திருந்தால் அது ஸ்டெமி எனப்படும் முழு அடைப்பு வகை மாரடைப்பு. வி2, வி3 லீடுகளில் மட்டும் 40 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு 2 மி.மீ., அதற்கு இளையவர்களுக்கு 2.5 மி.மீ., பெண்களுக்கு 1.5 மி.மீ. என்று அளவு மாறும். இரண்டாம், மூன்றாம், ஏவிஎஃப் லீடுகளில் உயர்வு இருந்தால் வலப்புற வி4 லீடையும் எடுத்துப் பாருங்கள். வலது கீழறை பாதிக்கப்பட்டவருக்கு ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரேட் மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். வி1 முதல் வி4 வரை எஸ்.டி. தாழ்வு மட்டும் தெரிந்தால் முதுகுப்புறம் வி7, வி8, வி9 வைத்துப் பார்க்க வேண்டும். இதயத்தின் பின்சுவர் மாரடைப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்; அரை மி.மீ. உயர்வே அதற்குப் போதும்.

முதல் இ.சி.ஜி. இயல்பாக இருப்பதாலேயே நிம்மதி அடையாதீர்கள். பல்லடம் பக்கத்து விசைத்தறி உரிமையாளர் ஒருவர் என் பணி நேரத்தில் வந்தார். முதல் படத்தில் எதுவுமே இல்லை. அவரும் தறி ஓடிக்கொண்டிருக்கிறது என்று எழுந்து கிளம்பினார். முகத்தில் வியர்வை அடங்காததைக் கண்ட செவிலியர் அவரைப் படுக்க வைத்து, 20 நிமிடம் கழித்து மறுபடியும் எடுத்தார். முன்சுவர் முழுவதும் எஸ்.டி. எழும்பி நின்றது. வலி நீடிக்கும்வரை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து, படங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதை நான் அந்தச் செவிலியரிடம்தான் கற்றேன்.

மாரடைப்பு என்று தெரிந்தவுடன் ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கச் செய்யுங்கள். அதனுடன் ரத்தம் உறைவதைத் தடுக்கும் க்ளோபிடோக்ரல் 300 மி.கி., கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் 80 மி.கி. கொடுக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரப்படும் 14 மாத்திரைகள் இந்த மூன்று மருந்துகளின் மொத்தமே. முன்பே அங்கே விழுங்கியிருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 75 வயதைக் கடந்தவருக்குக் கட்டி கரைக்கும் மருந்து தருவதானால் க்ளோபிடோக்ரல் 75 மி.கி. போதும். ஆக்சிஜன், செறிவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டுமே தேவை. மேல் ரத்த அழுத்தம் 90க்குக் கீழ் இருந்தாலும், ஆண்மைக் குறைவுக்கான சில்டனாஃபில் மாத்திரையை முந்தைய 24 மணி நேரத்திலோ, டடலாஃபிலை முந்தைய 48 மணி நேரத்திலோ போட்டிருந்தாலும் நைட்ரேட் கூடாது. உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு இதைக் கேளுங்கள். மானிட்டரை இணைத்து, டிஃபிப்ரிலேட்டரைக் (தாறுமாறான துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும் கருவி) கட்டிலருகே கொண்டுவந்து வையுங்கள். சிரை ஊசியை இடது கையில் போடுங்கள்; வலது மணிக்கட்டு ஆஞ்சியோவுக்கு (குழாய் செலுத்தி இதயத் தமனிகளைப் படம் எடுப்பது) வேண்டியிருக்கும்.

இனி மிகக் கடினமான முடிவுக்கு வருகிறேன். ஸ்டெமி என்று கண்டறிந்த நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் கேத் லேபில் அடைப்பைக் கம்பி கடந்துவிடும் என்றால் நேரடி ஆஞ்சியோபிளாஸ்டியே (பலூன் கொண்டு அடைப்பைத் திறப்பது) சிறந்தது. அப்படியானால் க்ளோபிடோக்ரலை 600 மி.கி. ஆக்கி உடனே அனுப்புங்கள். ஆனால் அந்த 120 நிமிடத்தில் சாலை ஒரு பகுதி மட்டுமே. 108 வண்டி வந்து சேர்வது, ஏற்றுவது, அங்கே கேத் லேப் குழு வீட்டிலிருந்து வருவது எல்லாமே கணக்கில் சேரும். தாராபுரத்திலிருந்து கோவை சுமார் 80 கிலோமீட்டர். நள்ளிரவில் சாலை காலியாக இருந்தாலும் இந்தக் கூட்டல் பெரும்பாலும் 120ஐத் தாண்டிவிடும். தாண்டும் என்றால் கட்டி கரைக்கும் மருந்தை இங்கேயே, 30 நிமிடத்துக்குள் செலுத்த வேண்டும். ஒரு முறை, மூன்று இடங்களில் பரிந்துரைச் சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டு ஐந்து மணி நேரம் கழித்து எங்களிடம் வந்த ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மூன்று சீட்டுகளும் அவருடைய சட்டைப் பையில் மடிப்புக் கலையாமல் இருந்தன.

மருந்துக்கு முன் கேட்க வேண்டியவை சில: எப்போதாவது மூளையில் ரத்தக் கசிவு, அண்மை மாதங்களில் பக்கவாதம் அல்லது தலைக்காயம், இப்போது ரத்தப்போக்கு, 180/110ஐத் தாண்டி அடங்காத அழுத்தம். முதுகைக் கிழிப்பது போன்ற வலி என்றால் இரு கைகளிலும் அழுத்தம் பாருங்கள். மகாதமனி கிழிந்திருந்தால் இந்த மருந்தே உயிரை வாங்கிவிடும். கட்டி கரைக்கும் மருந்தான டெனெக்டெப்ளேஸ் ஒரே ஊசியாகப் போகும்: 60 கிலோவுக்குக் கீழ் 30 மி.கி., பிறகு 10 கிலோவுக்கு 5 மி.கி. கூடி, 90 கிலோவிலிருந்து 50 மி.கி.; 75 வயதுக்கு மேல் பாதி அளவு. அது இல்லாவிட்டால் ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட்டை 30 முதல் 60 நிமிடத்தில் ஏற்றலாம். முன்பு அதைப் பெற்றவருக்கு மறுபடியும் தரக்கூடாது. கூடவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்ஸாபாரினும் தொடங்க வேண்டும்.

"மாமன் மச்சானைக் கேட்டுச் சொல்றமுங்க" என்று குடும்பம் தயங்கும். "ஏனுங்கம்மா, இருதயத்துக்குப் போற குழாய் அடைச்சிருக்குதுங்க. இந்த மருந்துல நூத்துல ஒருத்தருக்கு மூளையில ரத்தம் கசியலாமுங்க, போடாம உட்டா அதைவிட ஆபத்துங்க" என்று அருகில் உட்கார்ந்து சொன்னால் பெரும்பாலோர் உடனே ஒப்புக்கொள்கிறார்கள்.

மருந்து போட்டதோடு வேலை முடிவதில்லை. உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 60 முதல் 90 நிமிடத்தில் எடுக்கும் இ.சி.ஜி.யில் எஸ்.டி. உயர்வு பாதியளவாவது இறங்காவிட்டால் அவசர ஆஞ்சியோபிளாஸ்டி. இறங்கியிருந்தால் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம். அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையில் இருப்பவரைத் தொலைவு பாராமல் கேத் லேப் உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். கோவை இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர் முன்னின்று நடத்திய தமிழ்நாட்டு ஆய்வில், சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இப்படி இணைத்த பிறகு ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது.

எஸ்.டி. தாழ்வோ டி அலை மாற்றமோ மட்டும் இருந்து, பின்சுவர் மாரடைப்பும் இல்லையென்றால் கட்டி கரைக்கும் மருந்தைத் தொடவே கூடாது. ஆஸ்பிரினும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினும் கொடுத்து, ட்ரோபோனின் (இதயத் தசை சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். வலி தொடங்கிய உடனே எடுத்தால் அது இயல்பாகவே வரும். சாதாரணக் கருவியானால் 3 முதல் 6 மணி நேரத்தில் மறுபடியும் எடுக்க வேண்டும். வலி அடங்காதவரும் அழுத்தம் குறைபவரும் 2 மணி நேரத்துக்குள், ட்ரோபோனின் உயர்ந்தவர் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோவுக்குப் போக வேண்டும்.

வண்டி கிளம்பும் முன் இ.சி.ஜி.யை வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனிலும் பேசிவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வீட்டிலிருந்து எடுத்துவர ஒருவரைத் தனியாக அனுப்பலாம். அதற்காக வண்டி நிற்க வேண்டாம். வலி தொடங்கிய நேரம், முதல் இ.சி.ஜி. நேரம், மருந்து செலுத்திய நேரம் மூன்றையும் பிளாஸ்திரியில் பெரிதாக எழுதி, இ.சி.ஜி. தாளின் மேலேயே ஒட்டிக் கொடுத்தனுப்புங்கள்.