தாய் மாடலுக்குத் தனி டேபிள் வேண்டுமா?

பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் ஜாங்கோவில் ஒரு மாடலை (டேட்டாபேஸ் டேபிளை விவரிக்கும் கிளாஸை) இன்னொன்றிலிருந்து இன்ஹெரிட் செய்யும் முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: தாய் கிளாஸுக்கென்று டேட்டாபேஸில் ஒரு டேபிள் தேவையா?

முதல் ப்ராஜெக்ட்டில் இதைக் கேட்காமல் விட்டேன். பதிந்த நேரம், திருத்திய நேரம் இரண்டையும் ஒரு கிளாஸில் வைத்து, 14 மாடல்களை அதிலிருந்து இறக்கினேன். மாடலின் அமைப்புகளை எழுதும் மெட்டாவுக்குள், தாய்க்கு டேபிள் வேண்டாம் என்று சொல்லும் ‘அப்ஸ்ட்ராக்ட் = ட்ரூ’ வரியை எழுத மறந்துவிட்டேன். ஜாங்கோ இதற்கு எரர் காட்டாது. தாய்க்கும் ஒரு டேபிள் உருவாகி, 14 டேபிள்களும் ஒன்-டு-ஒன் கீயால் அதில் தொங்கின. எதைத் தேடினாலும் இரண்டு டேபிள்களையும் சேர்க்கும் ஒரு ஜாயின். பிள்ளை டேபிளின் ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் ப்ரைமரி கீயே அந்த இணைப்புதான்; டேட்டா ஏறிய பிறகு பிரித்தெடுக்க மூன்று இரவு பிடித்தது. தயவுசெய்து, மைக்ரேட் செய்யும் (மாடல் மாற்றங்களை டேட்டாபேஸில் ஏற்றும்) முன் ‘எஸ்க்யூஎல்மைக்ரேட்’ கட்டளையை ஓட்டி, என்னென்ன டேபிள் உருவாகப்போகிறது என்று கண்ணால் பாருங்கள்.

பொதுவான ஃபீல்டுகளைத் திரும்பத் திரும்ப எழுதாமல் இருப்பதுதான் நோக்கமென்றால் அப்ஸ்ட்ராக்ட் போதும். அதில் ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் ஃபீல்டு) இருந்தால், அந்த வரிசையிலிருந்து திரும்பி வரப் பயன்படும் பெயரான ரிலேட்டட் நேமில் கிளாஸ் பெயர் தானாக வந்து விழும் இடக்குறியைப் போடுங்கள். நேரடிப் பெயர் எழுதினால் பிள்ளைகள் ஒன்றோடொன்று மோதும்.

தாய்க்கு டேபிள் நிஜமாகவே வேண்டியிருந்தது ஒரு நூலக வேலையில். புத்தகம், குறுந்தகடு, இதழ் எதுவானாலும் இரவல் பதிவு ஒரே ஃபாரின் கீயால் தாய் மாடலான ‘பொருளை’ச் சுட்ட வேண்டும். இங்கே தாய்க்கும் பிள்ளைக்கும் தனித்தனி டேபிள் தரும் மல்டி டேபிள்தான் சரி. ஆனால் பொருளைத் தேடினால் பொருள்தான் கிடைக்கும், புத்தகம் வராது. பொருளிலிருந்து புத்தகத்துக்குப் போகலாம். அது குறுந்தகடாக இருந்துவிட்டால் ‘டஸ்நாட்எக்ஸிஸ்ட்’ எரர் எழும். அதனால் தாயிலேயே ‘வகை’ என்று ஒரு ஃபீல்டு வைத்தேன். பட்டியல் பக்கத்தில் ‘செலக்ட் ரிலேட்டட்’ கொடுத்துப் பிள்ளைகளையும் சேர்த்தே எடுத்தேன். இல்லாவிட்டால் வரிசைக்கு ஒரு க்வெரி ஓடும். பிள்ளை மாடலில், பல வரிசைகளை ஒரே தடவையில் சேர்க்கும் ‘பல்க் க்ரியேட்’ நடக்காது. புத்தகத்தை அழித்தால் பொருளும் போகும். இரவல் பதிவின் ஃபாரின் கீ ‘கேஸ்கேட்’ என்றிருந்தால் அதுவும் கூடவே போகும். இரவல் வரலாறு நூலகத்துக்கு உயிர் என்பதால் அங்கே அழிக்க விடாமல் தடுக்கும் ‘ப்ரொடெக்ட்’ வைத்தேன்.

டேபிள் அதே, நடத்தை மட்டும் வேறு என்றால் ப்ராக்ஸி. ஜாங்கோவின் நிர்வாகப் பக்கமான அட்மினில் ‘தாமதமான இரவல்கள்’ என்று தனிப் பட்டியல் காட்ட இதைத்தான் எடுத்தேன். ப்ராக்ஸி தானாக எதையும் வடிகட்டாது. அதற்கென்று, எந்த வரிசைகள் வர வேண்டும் என்று சொல்லும் ஒரு மேனேஜரை நீங்கள்தான் எழுத வேண்டும்.