ஒன்பது பிளக்கின், ஒரு குரல்: வீட்டு மிக்ஸிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தான். சொந்தமாக எழுதி, தன் அறையிலேயே பாடிப் பதிந்த பாட்டு. பதிந்த ட்ராக்குகளைச் சமன் செய்து ஒன்றாகச் சேர்க்கும் மிக்ஸ் மட்டும் இரண்டு மாதமாக முடியவில்லையாம். குரல் ட்ராக்கைத் திறந்தேன். வரிசையாக ஒன்பது பிளக்கின், அதாவது ஒலியை மாற்றும் சின்னச் சின்ன மென்பொருள்கள். அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ மூன்று, உரத்த இடங்களை அமுக்கும் கம்ப்ரஸர் இரண்டு, மற்றவை எதற்குப் போட்டோம் என்று அவனுக்கே நினைவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பழைய ஹார்டு டிஸ்கிலும் இப்படி ஒரு புராஜெக்ட் கிடக்கிறது. அதில் பதினொன்று.

மீட்டர் சிவப்பில் எரியப் பதியாதே, ஃபேனை நிறுத்து, கோப்பைச் சேமி என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சத்தம் கூடியதை 'நல்லா இருக்கு' என்று நம்புவது

இந்த ஒரு தவறு மட்டும் எனக்கு இன்றும் எரிச்சலைக் கிளப்பும். செய்தவன் நானே என்பதால் எரிச்சல் இன்னும் கூடுதல்.

ஒரே ஒலியை ஒரு டெசிபெல் கூட்டி வைத்துப் பாருங்கள். சத்தம் கூடியது என்று காது சொல்லாது. தெளிவாக இருக்கிறது, கனமாக இருக்கிறது என்றுதான் சொல்லும். மெதுவான ஒலியில் கீழ் அதிர்வெண்களும் உச்ச அதிர்வெண்களும் நம் காதுக்குக் குறைவாகவே எட்டும். வால்யூம் ஏற ஏற அவை தாமாக முன்னால் வரும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வளைகோடுகளாக வரைந்து வைத்துவிட்டார்கள். தெரிந்து என்ன பயன், பிளக்கின் போடும்போது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

கம்ப்ரஸர் போட்டால் அமுக்கிய அளவைத் தானே ஈடுகட்டி ஏற்றிவிடும் வகைகள் உண்டு. ஈக்யூவில் 3 கிலோஹெர்ட்ஸைக் கொஞ்சம் தூக்கினாலும் மொத்த ஒலி ஏறும். தயாராக வரும் ப்ரீசெட்கள் பலவும் உள்ளே போனதைவிடப் பெரிதாகத்தான் வெளியே விடும். ஆகவே எதைப் போட்டாலும் முன்னைவிட நன்றாக இருப்பது போலவே தோன்றும். அதை நம்பி அடுத்ததைப் போடுவோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பாடகர் என்னை நம்பி ஒரு பாட்டைக் கொடுத்தார். மூன்று வாரம் உழைத்து அனுப்பினேன். "பாட்டு பெருசா இருக்கு. ஆனா இது என் குரல் மாதிரியே இல்லையே" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று ராத்திரி அவர் தவறு என்று நிரூபிப்பதற்காகவே அத்தனை பிளக்கினையும் அணைத்தேன். குரல் சின்னதாகிப் போனது. பார்த்தீர்களா என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் என்ன தோன்றியதோ, ஃபேடரை (ட்ராக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளியை) 6 டெசிபெல் ஏற்றி, இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்கும்படி வைத்துக் கேட்டேன். பல்லவியின் கடைசி வார்த்தையில் அவர் குரல் லேசாக உடைகிறது. அடுத்த வரிக்கு முன் மூச்சு இழுக்கிறார். இந்த இரண்டையும் என் மிக்ஸில் தேடினேன், கிடைக்கவில்லை. நானே இஸ்திரி போட்டுத் தேய்த்து எடுத்திருக்கிறேன். மறுபடி செய்து தருகிறேன் என்று சொல்லப் போனபோது, பாட்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

தம்பியின் குரலுக்கும் அதே வைத்தியம்தான். இரண்டையும் சமன் செய்துவிட்டு, கண்ணை மூடச் சொல்லி மாற்றி மாற்றி வைத்தேன். முதல் தடவை அவன் தேர்ந்தெடுத்தது பிளக்கின் இல்லாத குரல். இரண்டாம் தடவையும் அதுவே. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் மூன்றுதான் தேறின: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர், உரத்த இடங்களில் மட்டும் மூன்று நான்கு டெசிபெல் அமுக்கும் கம்ப்ரஸர், 'ச', 'ஸ' சீறும் இடங்களைத் தணிக்க 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு டி-எஸ்ஸர்.

செய்முறை சின்னதுதான். ஒவ்வொரு பிளக்கினைப் போட்டதும், அதை அணைத்தாலும் இயக்கினாலும் ஒரே சத்தம் வரும்வரை அதன் அவுட்புட்டைக் குறையுங்கள். இதற்கு உச்சங்களை மட்டும் காட்டும் பீக் மீட்டரைப் பார்க்காதீர்கள்; கம்ப்ரஸர் உச்சங்களைத் தட்டி உடலைத் தூக்குவதால் பீக் இறங்கியிருக்கும், காதுக்கோ சத்தம் ஏறியிருக்கும். காதால் சமன் செய்யுங்கள், சந்தேகம் இருந்தால் காது உணரும் சத்தத்தை அளக்கும் எல்.யு.எஃப்.எஸ். மீட்டரைப் பாருங்கள். பிறகு கண்ணை மூடி, எண்ணிக்கை மறந்துபோகும்வரை, பிளக்கினை அணைத்து இயக்கும் பைபாஸ் பட்டனைத் தட்டுங்கள். எது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லையென்றால் அந்தப் பிளக்கினை எடுத்துவிடலாம்.

இதே தவறு வேறு வேஷத்திலும் வரும். மாஸ்டரிங் (வெளியிடும் முன் செய்யும் கடைசி மெருகு) முடிந்த பாட்டு ஒன்றோடு நம் மிக்ஸை ஒப்பிடுவோம். அது ஏழெட்டு டெசிபெல் பெரிதாக இருக்கும், நாம் மனமுடைந்து எல்லா ஃபேடரையும் தூக்குவோம். முதலில் அந்தப் பாட்டின் சத்தத்தைக் குறையுங்கள். இன்னொன்று, முதல் நாளே, எல்லா ட்ராக்கும் சேரும் மாஸ்டரில், உச்சங்களை ஒரு வரம்புக்கு மேல் விடாத லிமிட்டர் போட்டு மைனஸ் 8 எல்.யு.எஃப்.எஸ். வரை நசுக்குவது. ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் பாட்டுகளை மைனஸ் 14-க்குக் கொண்டுவந்து ஒலிக்கவிடும். அங்கே உங்கள் பாட்டு 6 டெசிபெல் இறங்கிவிடும், நசுங்கியது நசுங்கியபடியே இருக்கும். பழைய குருடி கதவைத் திறடி.

அறையின் நடுவில் உட்கார்ந்து பேஸை (கீழ் அதிர்வெண் ஒலியை) முடிவு செய்வது

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.4 மீட்டர் இருந்தால், சுமார் 50 ஹெர்ட்ஸில் அந்த இடைவெளிக்குள் சரியாக அரை அலை அடங்கும். அந்த அலையின் அழுத்தம் சுவரோரம் உச்சம், நட்டநடுவில் பூஜ்யத்துக்குப் பக்கம். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினால் வருவது 49 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் மட்டும் உங்கள் நாற்காலியில் மெலிந்து கேட்கும். வாசித்தவர் சரியாக அழுத்தவில்லை என்று நினைத்து ஈக்யூவில் தூக்குவீர்கள், வேறு இடத்தில் போட்டால் அதே சுரம் கதவை அதிரவைக்கும்.

ஒரு தடவை நாற்காலியை விட்டு எழுந்து, பின்சுவர்வரை நடந்துகொண்டே கேளுங்கள். பேஸ் மாறுவது நன்றாகவே தெரியும். சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் இதைத் தொடாது. அது மேல் அதிர்வெண்களை மட்டும் விழுங்கி அறையை இன்னும் மந்தமாக்கும். நாற்காலியை நடுவிலிருந்து முன்னோ பின்னோ நகர்த்துங்கள். பேஸ் பற்றிய கடைசி முடிவை ஹெட்ஃபோனில் ஒரு முறை சரிபாருங்கள்.

சோலோவில் வைத்து அழகுபடுத்துவது

வேண்டாம். ஒரு ட்ராக்கை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டுத் திருகாதீர்கள், எல்லாம் ஓடும்போதே திருகுங்கள்.

'மிக்ஸில் பார்த்துக்கலாம்'

முடியாது. பதிவில் பிசகியதை மிக்ஸ் சரிசெய்யாது, மறுபடி பாடுங்கள்.

மோனோவில் (இடதும் வலதும் ஒன்றாகச் சேர்த்து) கேட்காமல் விடுவது

நேற்று தம்பி போன் செய்தான். ஹெட்ஃபோனில் விரிந்து கேட்கிற கிட்டார், ஒற்றை ஸ்பீக்கர் போனில் போட்டால் மெலிந்து ஓடுகிறதாம். எப்படிப் பதிந்தாய் என்று கேட்டேன். ஒரே கிட்டாருக்கு இரண்டு மைக், ஒன்று கிட்டத்தில், இன்னொன்று அதைவிட ஒரு மீட்டர் தள்ளி. ஒன்றை இடதுபக்கமும் மற்றதை வலதுபக்கமும் தள்ளியிருக்கிறான்.

ஒரு மீட்டரைக் கடக்க ஒலிக்குச் சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். இரண்டு காதிலும் தனித்தனியாகக் கேட்கும்போது அது விரிவாகத் தெரியும். போனில் இரண்டும் ஒன்றாகச் சேரும்போது, 170 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்று மேலே போகும் நேரத்தில் மற்றது கீழே போகும். அதற்கு மேலும் அங்கங்கே இப்படிப் பள்ளம் விழும். கிட்டாரின் உடலே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இரண்டு ட்ராக்கையும் பெரிதாக்கி, தந்தியை மீட்டிய முதல் முனை இரண்டிலும் ஒரே கோட்டில் வரும்வரை பின்தங்கிய ட்ராக்கை முன்னால் நகர்த்தச் சொன்னேன். பிறகு மாஸ்டரை மோனோவில் வைத்து, ஒன்றின் போலாரிட்டியை மாற்றி, அதாவது அலையின் மேல்-கீழைத் தலைகீழாக்கிப் பார்த்து, எதில் கனம் கூடுகிறதோ அப்படியே விடச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் திரும்ப அழைத்தான். கிட்டார் வந்துவிட்டதாம். இப்போது குரல் கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறதாம்.