ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர்

மதுரையில் தனியாளாக மோட்டார், பிளம்பிங் வேலை பார்க்கிறேன். வேலை குறைந்தால் நோட்டீஸ் அடித்து நியூஸ் பேப்பரோடு வைத்துக் கொடுப்பதுதான் முன்பு வழக்கம். பாதி நோட்டீஸ் அலமாரித் தட்டுக்கு விரிப்பாகப் போகும்.

இப்போது ஸ்டிக்கர்தான். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியின் பக்கவாட்டில் பெயர், போன் நம்பர், வேலை பார்த்த தேதி. மோட்டார் ஓடாவிட்டால் வீட்டுக்காரர் கண் அங்கேதானே போகும்? குடியிருப்பவர் மாறினாலும் நம்பர் அங்கேயே இருக்கும். பேப்பர் ஸ்டிக்கர் வேண்டாம், வினைலில் போடுங்கள், ஈரம் தாங்கும்.

அடுத்தது கூகுள் மேப். அதில் நம் தொழிலின் பெயர், நம்பரைக் காட்டும் பக்கமான பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். கடை இல்லாதவர்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, போய் வேலை செய்யும் ஏரியாக்களை மட்டும் காட்டலாம். 20 வரை சேர்க்கலாம். சரிபார்க்க வீடியோ கேட்டார்கள், டூல்ஸ் பையையும் விசிட்டிங் கார்டையும் காட்டினேன். ரிவ்யூ லிங்க்கைப் பணம் வாங்கும்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். மறுநாள் கேட்டால் யாரும் எழுதுவதில்லை. தள்ளுபடி தருகிறேன் என்று ரிவ்யூ கேட்காதீர்கள், கூகுள் விதிப்படி அது கூடாது.

பைப், வால்வு எல்லாம் ஒரே ஹார்டுவேர் கடையில் வாங்குவதால் அண்ணாச்சி கல்லாப்பெட்டி பக்கத்தில் என் கார்டு இருக்கிறது. கமிஷன் கேட்கிற கடைகளில் வைப்பதில்லை. அந்தக் காசு கடைசியில் வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.