அமெரிக்கக் கவுண்டி ஒன்றின் விவசாய மானியக் கணக்கைப் படிப்பது எப்படி?

அமெரிக்க விவசாயிக்கு அரசு அள்ளிக் கொடுக்கிறது என்பார்கள் சிலர். உரச் செலவுக்கே காணாது என்பார்கள் வேறு சிலர். இரு தரப்பும் ஆளுக்கொரு மொத்தத் தொகையைக் காட்டும். அதை உடைத்துப் பார்க்க எக்செல் தெரிந்தால் போதும். அயோவா மாநிலத்தின் கோசூத் கவுண்டியை (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) எடுத்துக்கொள்வோம். பரப்பளவில் அம்மாநிலத்திலேயே பெரியது, தலைமையிடம் அல்கோனா, எங்கு திரும்பினாலும் மக்காச்சோளமும் சோயாவும்தான்.

படி 1: கோப்பை இறக்குங்கள்

அமெரிக்க வேளாண் துறையின் கீழ் மானியங்களைப் பட்டுவாடா செய்யும் எஃப்.எஸ்.ஏ. முகமை, யாருக்கு எவ்வளவு பட்டுவாடா ஆனது என்ற கோப்புகளை ஆண்டுவாரியாகத் தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது. மாநிலம், கவுண்டி இரண்டையும் வடிகட்டி, கிடைத்ததைப் புதிய தாளில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஈ.டபிள்யூ.ஜி. என்ற தன்னார்வ அமைப்பின் தளத்தில் 1995 முதலான தொகைகளைத் தேடியும் பார்க்கலாம். ஆனால் கையால் வடிகட்டினால்தான் விஷயம் பிடிபடும் என்பது என் கட்சி.

படி 2: திட்டவாரியாகப் பிரியுங்கள்

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சி.ஆர்.பி. என்று வரும் வரி, நிலத்தில் பயிர் வைக்காமல் புல்லோ மரமோ வளர்ப்பதற்கு அரசு தரும் ஆண்டு வாடகை. 2018இல் வருவது சீனாவுடனான வர்த்தகப் போருக்கு நிவாரணம்: சோயாவுக்கு புஷலுக்கு (அமெரிக்கத் தானிய அளவை) 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு ஒரே ஒரு சென்ட்! 2020இல் கோவிட் உதவி சேர்கிறது. இவை எல்லாவற்றையும் ஒரே கூட்டலில் போட்டால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

படி 3: ஒரு தொகையை நீங்களே கணக்கிடுங்கள்

பி.எல்.சி. திட்டத்தை எடுங்கள். சந்தை விலை ஆதார விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு தரும் திட்டம் இது. 2014 வேளாண் சட்டத்தில் மக்காச்சோளத்துக்கு ஆதார விலை புஷலுக்கு 3.70 டாலர். 2016 விளைச்சலின் சராசரிச் சந்தை விலை 3.36. வித்தியாசம் 34 சென்ட். ஒருவருக்கு அரசுப் பதிவேட்டில் மக்காச்சோளத்துக்கென 100 ஏக்கர் பதிவாகியிருந்தால் அதில் 85 சதவீதத்துக்குத்தான் பணம். பதிவான மகசூல் ஏக்கருக்கு 150 புஷல் என்று வைத்தால், 85 × 150 × 0.34 = 4,335 டாலர். பட்ஜெட் வெட்டு போகக் கையில் வருவது இன்னும் கொஞ்சம் குறைவு.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு அவர் அந்த நிலத்தில் சோயா விதைத்திருந்தாலும் இந்தப் பணம் வரும். கணக்கு பழைய பதிவேட்டு ஏக்கருக்கு. இன்றைய வயலுக்கு அல்ல.

படி 4: ஆண்டைச் சரிபாருங்கள்

பணம் தந்த தேதி ஒரு நிரலிலும் திட்ட ஆண்டு வேறொரு நிரலிலும் இருக்கும். மேலே சொன்ன 2016 பயிருக்கான பணம் 2017 அக்டோபரில்தான் வந்தது. விலை நிலவரத்தோடு ஒப்பிடும்போது திட்ட ஆண்டையே பாருங்கள்.

படி 5: பெயர், முகவரி

நில உரிமையாளர் வெளி மாநிலத்தில் குடியிருக்கலாம். முகவரி நிரல் அதைக் காட்டிவிடும். 2018 வேளாண் சட்டப்படி பி.எல்.சி. போன்ற திட்டங்களில் ஆளுக்கு ஆண்டு உச்சவரம்பு 1,25,000 டாலராக இருந்தது; 2025இல் அது உயர்த்தப்பட்டது. வரம்பைத் தாண்டிய தொகையைக் கண்டதும் முறைகேடு என்று கொதிக்க வேண்டாம். பொதுக் கூட்டாண்மைப் பண்ணைகளில் ஒவ்வொரு பங்காளிக்கும் தனி வரம்பு உண்டு.

படி 6: கோப்பில் இல்லாததைத் தேடுங்கள்

பயிர்க் காப்பீட்டு பிரீமியத்தில் சராசரியாகப் பாதிக்கும் மேல் அரசே கட்டுகிறது. அது இந்தக் கோப்பில் இராது. பெயர்வாரியாக எங்கும் வெளியிடப்படுவதும் இல்லை. கவுண்டிவாரி, பயிர்வாரி மொத்தம் மட்டும், பயிர்க் காப்பீட்டைக் கவனிக்கும் ஆர்.எம்.ஏ. முகமையின் தளத்தில் கிடைக்கும். அதை வேறொரு தாளில் வையுங்கள். விவசாயியின் வங்கிக் கணக்குக்கு நேராக வராத பணம் என்பதால், பட்டுவாடாத் தொகையோடு சேர்த்துக் கூட்டாதீர்கள்.